வேப்பிலை செருகாத வாசல்கள்

ராசிபுரத்தில் ஒரு பள்ளிக்கூட வராந்தாவில் பிள்ளைகளுக்கு அம்மை குத்திக்கொண்டிருந்தேன். சைக்கிளில் வந்த பியூன் ஒரு காலை மட்டும் தரையில் ஊன்றிச் சொன்னார்: "நம்ம இன்ஸ்பெக்டர் ஐயா காலைல தவறிட்டாருங்க." வரிசையில் அடுத்து நின்ற பிள்ளையின் கையைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

சுகாதார ஆய்வாளர் நாச்சிமுத்து அவர்கள் நாமக்கல் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். நான் சேலத்துக் கத்தோலிக்கன்; அவருக்குக் கீழே அம்மை குத்துகிறவனாகப் பதினைந்து வருடம் அலைந்தேன். ஐயாவுக்குச் சிரிக்கத் தெரியாது என்று மற்றவர்கள் கேலி பேசுவார்கள். காரணம் எனக்குத் தெரியும்.

ஐம்பதுகளின் தொடக்கத்தில் பெரியம்மையை எவரும் நோய் என்று சொல்ல மாட்டார்கள். "ஆத்தா வந்திருக்கா" என்பார்கள். அதையும் அரசாங்க ஆளிடம் சொல்ல மாட்டார்கள். ஆனால் வாசலில் வேப்பிலைக் கொத்து செருகியிருக்கும். எங்களுக்கு அதுதான் துப்பு. சைக்கிளை விட்டு இறங்காமலே வேப்பிலை தொங்கும் வீடுகளைக் குறித்துக்கொள்வோம். அதைப் பெரிய சாமர்த்தியம் என்று நினைத்திருந்தோம்.

வெண்ணந்தூர்ப் பக்கம் ஒரு நெசவாளர் தெருவில் அப்படிக் கண்டுபிடித்த நோயாளி ஒருவரை, ஐயா போலீஸ் துணையோடு அம்மை கண்டவர்களை ஒதுக்கி வைக்க ஊருக்கு வெளியே இருந்த கொட்டகைக்குத் தூக்கிப்போனார். சட்டம் அதற்கு இடம் கொடுத்தது. அடுத்த வாரம் போனபோது அந்தத் தெருவில் ஒரு வாசலிலும் வேப்பிலை இல்லை. தறிச் சத்தமும் இல்லை. ஆத்தா இருக்கும் வீட்டில் தறி ஓட்ட மாட்டார்கள் என்பது எங்கள் இருவருக்குமே தெரியும். ஆனாலும் ஐயா "நோய் இல்லை" என்று எழுதிக் கையெழுத்திட்டார். பக்கத்தில் நின்ற நானும் வாயைத் திறக்கவில்லை.

வேப்பிலை வீட்டுக்குள் போயிருந்தது. சாத்திய கதவுகளுக்குப் பின்னால் பிள்ளைகள் அதன்மேல் கிடந்தார்கள். எங்களுக்கு விஷயம் எட்டுவதற்குள் நான்கு குழந்தைகளைப் புதைத்துவிட்டார்கள். அதில் ஒன்று பாவாயி என்ற நெசவுக்காரப் பெண்ணின் மகள்.

அதன்பின் ஐயா போலீஸை அழைத்ததே இல்லை. வீடு வீடாக உள்ளே போய் உட்கார்ந்து, "ஆத்தா எப்படி இருக்காங்க சாமி? தண்ணி குடிக்கறாங்களா?" என்று கேட்பார். கோடையில்தான் அம்மை பரவும் என்பதால், மாசி பிறந்ததுமே நோயாளிகளை வைக்க எந்தப் பள்ளிக்கூடத்தைக் காலி செய்யலாம், யார் வண்டி கொடுப்பார், யார் கஞ்சி காய்ச்சுவார் என்று ஊர் ஊராகப் பேசி வைப்பார். முகத்தில் அம்மைத் தழும்பு உள்ளவர்களைத் தேடிப் பிடிப்பார். ஒருமுறை வந்தவர்களுக்கு மறுமுறை வராது என்பதால், நோயாளிகளைப் பார்த்துக்கொள்ள அவர்களே பொருத்தம். பெண் பார்க்கக்கூட யாரும் வராத முகங்களைத் தேடி அரசாங்கம் வந்ததில் சிலருக்குப் பெருமைதான்.

"நோயே காணோம், இவர் பந்தல் போடுகிறார்" என்று மேலதிகாரி ஒருவர் கிண்டல் செய்தார். ஐயா பணிவாகச் சொன்னார்: "நோவு வந்தப்புறம் ஓடுனா எழவு ஊட்டுக்குத்தானுங்க போய்ச் சேருவோம்." பிற்பாடு ஒரு கோடையில் இளம்பிள்ளை ஊர்ப் பக்கம் அம்மை வந்தது; ஆனால் ஒரு தெருவைத் தாண்டவில்லை. அன்றும் அவர் சிரிக்கவில்லை.

பாவாயியின் கதவு மட்டும் அவருக்குத் திறக்கவில்லை. பின்னால் பிறந்த மகனுக்கு அம்மை குத்த அந்தத் தாய் சம்மதிக்கவே இல்லை. வருடந்தோறும் ஐயா வாசலில் நின்று, "பாவாயம்மா, நான் வந்திருக்கறனுங்க" என்பார். உள்ளே தறி நிற்கும். அவ்வளவுதான். சட்டத்தைக் காட்டலாமே என்று ஒருமுறை சொன்னேன்.

"ஒரு தாட்டி சட்டத்தக் காட்டித்தான் அந்தப் புள்ள போச்சு, அந்தோணி."

திரும்பும் வழியில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே கேட்டார். "உங்க சாமியார்கிட்டச் சொன்னா மன்னிச்சிருவாருன்றாங்களே, நெசந்தானுங்களா?"

"ஆமாங்கய்யா."

"செத்த புள்ளைக்குப் பதிலா அவரு எப்படி மன்னிப்பாரு?" சற்று நடந்தபின் சொன்னார்: "மூடுன கதவப் பாத்தாலே உள்ள யாரோ மூச்சு வுடறாப்பல கேக்குது."

எனக்கும் கேட்கும்.

அவரை அடக்கம் செய்த மறுவாரம் தனியாக அந்தத் தெருவுக்குப் போனேன். வாசலில் நின்று, "பாவாயம்மா" என்றேன். தறி நின்றது. கதவு திறந்தது. அந்த அம்மாள் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் தெருவைப் பார்த்தார்.

"அவரு வரலீங்களா?"

சொன்னேன். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"இந்த வருசம் தொறந்தரலாம்னு இருந்தனுங்க."

பிறகு மகனைக் கூப்பிட்டு, அவன் சட்டைக் கையைத் தானே சுருட்டிவிட்டார். நான் அம்மை குத்தினேன்.

எட்டாம் நாள் போய்ப் பார்த்தேன், ஐயா. குத்திய இடம் நன்றாக எழும்பியிருக்கிறது; அம்மை பிடித்துவிட்டது, இனி அவனுக்குப் பயமில்லை. இதைக் கேட்க நீங்கள் இல்லையே என்று எனக்கு மனம் ஆறவே இல்லை. போய் வாருங்கள். இனி அந்த வாசலில் நீங்கள் நிற்க வேண்டியதில்லை.