மாடன் கணக்கில் ஒரு மஞ்சள் பன்றி

காற்று அடைத்த எந்தப் பொருளைக் கண்டாலும் உக்கிரபாண்டி மாமா அதில் காதை வைத்துக் கேட்பார். சைக்கிள் டியூப், பால் குக்கர், கல்யாண மண்டபத்து பலூன் என்று எதுவும் தப்பாது. எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து பார்த்து வருகிறேன். கேட்டுவிட்டு, "கசியுது" என்பார். பெரும்பாலும் கசியாது.

கோவில்பட்டியில் அவருக்கு மருந்து தெளிக்கும் மிஷின்களைப் பழுது பார்க்கும் கடை இருந்தது. வீடு, கடம்பூர் போகும் வழியில் எங்கள் ஊரில், எங்கள் வீட்டுக்கு அடுத்தது. நான் எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள். இயற்பியல் முடித்துவிட்டு அரசுத் தேர்வுகளுக்குப் படித்துக்கொண்டிருந்தேன். படித்த பெண் பக்கத்து வீட்டில் சும்மா இருக்கிறாள் என்பது மாமாவுக்குப் பெரிய வசதி.

அந்த வருஷம் அவர் கரிசலில் மக்காச்சோளம் போட்டிருந்தார். அதை நம்பித்தான் மகள் பாண்டிச்செல்வியின் வளைகாப்புக்கு நாள் குறித்திருந்தார். கதிர் பால் பிடிக்கிற சமயம் பார்த்துக் காட்டுப்பன்றிகள் வந்து இறங்கின. ஒரு கதிரைத் தின்பதற்கு ஒரு பாத்தியையே சாய்த்தன. வெடி போட்டுப் பார்த்தார். சிவகாசிப் பக்கத்துப் பன்றிகளுக்கு வெடிச்சத்தம் தாலாட்டு மாதிரி. சுற்றிலும் அத்தையின் பழைய சேலைகளைக் கட்டினார். பெத்தம்மாள் அத்தை போய், அதில் இரண்டு பழசே இல்லை என்று அவிழ்த்து வந்துவிட்டார். கரண்ட் வேலி குற்றம், பன்றியைக் கொன்றால் வனத்துறை வழக்கு.

அப்போதுதான் கடை மூலையில் கிடந்த துப்பாக்கி அவர் கண்ணில் பட்டது. பைபாஸ் ஓரம் கொஞ்ச காலம் ஒரு விளையாட்டுத் திடல் நடந்தது. காற்றுத் துப்பாக்கியால் ஒருவரை ஒருவர் சாயக்குண்டு போட்டுச் சுட்டுக்கொள்ளும் இடம். அங்கிருந்து பழுது பார்க்கக் கொடுத்த கைத்துப்பாக்கி அது. திரும்ப வாங்க வருவதற்குள் திடலையே மூடிவிட்டுப் போய்விட்டார்கள். சோதித்துப் பார்க்கக் கொடுத்த மஞ்சள் குண்டுகளும் ஒரு பொட்டலம் இருந்தன.

அன்று அந்தியில் வரப்பில் நின்று முதல் குண்டைச் சுட்டார். அது பாதி தூரத்தில் விழுந்தது. ஒரு கிழட்டுப் பன்றி நடந்து வந்து, மோந்து பார்த்து, அதைத் தின்றுவிட்டு இன்னொன்று கிடைக்குமா என்று அவரைப் பார்த்ததாம்.

"வேகம் காணாதுட்டி" என்று மறுநாள் என்னிடம் வந்தார். வால்வு திறந்து மூடுகிற நேரத்துக்குள் எவ்வளவு காற்று குண்டின் முதுகில் விழுகிறதோ அவ்வளவுதான் வேகம் என்றேன். ஆனால் குண்டின் தோல் மெல்லிசு, ரொம்ப அழுத்தினால் குழாய்க்குள்ளேயே உடையும் என்றும் சொன்னேன். முதல் பாதியை மட்டும் கேட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

வால்வைக் கழற்றி, ஸ்பிரிங்கை மாற்றி, மருந்து மிஷின் வாஷர் ஒன்றைச் செருகி, காது வைத்துக் கேட்டு, கசியுது என்று சொல்லி, மறுபடி கழற்றினார். கடைசியில் சுட்டபோது குண்டு குழாய்க்குள்ளேயே உடைந்து, சாயம் முழுக்க அவர் முகத்தில் பீச்சியது. மஞ்சள் முகத்தோடு பஸ்ஸில் ஊருக்கு வந்தார். கண்டக்டர் உட்காரச் சொல்லி இடம் கொடுத்து, எந்தக் கோயிலுக்கு மாலை போட்டிருக்கிறீர்கள் என்று பணிவாகக் கேட்டாராம்.

அதன் பிறகு வாஷரைக் கொஞ்சம் தேய்த்தார். இந்த முறை குண்டு நேராகப் போய் அந்தக் கிழட்டுப் பன்றியின் முதுகில் உடைந்தது. கூட்டமே பிய்த்துக்கொண்டு ஓடியது. அன்றைக்கு மாமா எங்கள் வீட்டில் வந்து காபி கேட்டு வாங்கிக் குடித்தார்.

அவர் யோசிக்காத ஒன்று இருந்தது. நானும் யோசிக்கவில்லை. எங்கள் ஊரில் சுடலைமாடனுக்குப் பன்றி நேர்ந்துவிடுகிறவர்கள் அதன் முதுகில் மஞ்சள் பூசித்தான் விடுவார்கள். பிறகு மாடன் கோயில் திருவிழாவான கொடையில் பலி கொடுக்கும் வரைக்கும் அதை யாரும் விரட்டக் கூடாது. எங்கே வேண்டுமானாலும் மேயலாம்.

இரண்டு மூன்று நாளில் மஞ்சள் முதுகுப் பன்றி தைரியமாகத் திரும்பி வந்தது. பார்த்தவர்கள் செருப்பைக் கழற்றினார்கள். காவலுக்கு இருந்தவர்கள் கம்பைக் கீழே போட்டார்கள். யாரோ பூசணிக்காய் வைத்தார்கள். அது பூசணியைத் தின்றுவிட்டு, கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு மாமாவின் மக்காச்சோளத்துக்குள் போனது.

மாமா பதறிப்போய் பூசாரி பூவனலிங்கத்திடம் ஓடி, துப்பாக்கியைக் காட்டி, வால்வைக் கழற்றிக் காட்டி, எல்லாவற்றையும் விளக்கினார். ஊரில் பாதிப் பேர் கூடியிருந்தோம்.

பூசாரி பொறுமையாகக் கேட்டார். "சரிவே. மஞ்சள் யாரு கையால பட்டுது?"

"என் கையாலதான். ஆனா அது பெயிண்ட்டு வே."

"அத மாடன்ட்ட சொல்லும். பன்னிக்கு மஞ்சள் போட்டவரு நீரு. அப்போ நேந்தவரும் நீருதான்."

"நான் மனசுல நேரலியே."

"மனசுல என்ன நெனச்சு சுட்டீரு?"

மாமா பாவம், உண்மையைச் சொன்னார். "வெள்ளாமை வீடு வந்து சேரணும்னுதான்."

கூட்டத்தில் ஒரு முனகல் எழுந்தது. வேண்டுதல் என்றால் அதுதானே. அழுத்தம், வேகம் என்று படித்த நானும் யோசித்துப் பார்த்தேன். பூசாரியின் கணக்கில் எங்கே பிழை என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

காட்டுப்பன்றியைப் பிடித்துக் கொடுக்கவும் முடியாது, சட்டம் விடாது. கடைசியில் பூசாரியே வழி சொன்னார். இதற்குப் பதில் கொடைக்கு ஒரு வீட்டுப் பன்றி தருவதாக மாமா மாடன் முன்னால் சூடம் அணைத்துச் சத்தியம் செய்தால், காட்டுப்பன்றி நேர்ச்சையிலிருந்து விடுபடும், பிறகு விரட்டலாம். மாமா அப்போதே அணைத்தார். அன்று அந்தியிலேயே ஊர் மொத்தமும் தகரத்தைத் தட்டிக்கொண்டு புஞ்சையில் இறங்கியது. பூசணிக்காய் வைத்தவர்தான் முதலில் கல்லெறிந்தார். முக்கால்வாசிச் சோளம் வீடு வந்தது. வளைகாப்பு சொன்ன நாளில் நடந்தது.

அந்த வருஷக் கொடையின்போது பாண்டிச்செல்விக்குப் பிரசவம், தீட்டு என்றார் மாமா. அடுத்த வருஷம் வாங்கி வைத்த குட்டி வளரவில்லை என்றார். அதற்கடுத்த கொடைக்கு முன்னால், கடையில் ஒரு மிஷினுக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

பதினாறாம் நாள் முடிந்து, பூசாரி தயங்கித் தயங்கி அத்தையிடம் பன்றிப் பேச்சை எடுத்தார்.

அத்தை முறத்திலிருந்து தலை நிமிரவில்லை. "சூடம் அணைச்சது அவிய. இப்போ மாடன் பக்கத்துலதான் இருக்காவ. ரெண்டு பேரும் பேசி முடிவு சொல்லட்டும்."

இதுவரை முடிவு எதுவும் வரவில்லை. மாடனுக்கு அந்தப் பன்றி இன்னும் பாக்கி.