மாற்றி வை

என் ஆயுளில் ஒரே ஒரு மனிதனைத்தான் கை நீட்டி அடித்திருக்கிறேன். ஒரே நாளில், நான்கு முறை.

எழுபதுகளின் கடைசி. பாலக்காட்டுக்குக் கிழக்கே ஒரு தொழிற்சாலையில் கம்ப்யூட்டர் அறைக்கு நான் பொறுப்பு. இரண்டு பீரோவைச் சேர்த்து நிறுத்தினது போல் இருக்கும் அந்த மெஷின். ஒவ்வொரு நாள் காலையிலும் எந்தத் தொழிலாளி எந்த மேஜையில் என்ன வேலை செய்ய வேண்டும் என்று அதுதான் சீட்டு அடித்துக் கொடுக்கும். சீட்டு வராவிட்டால் நானூறு பேர் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். மெஷின் வந்துவிட்டதால் ஆளைக் குறைப்பார்கள் என்று யூனியன்காரர்களுக்கு அதன்மேல் கொலைவெறி. அந்த நாளுக்கு முந்தின வாரம்தான் ஒரு கல் ஜன்னலை உடைத்துக்கொண்டு உள்ளே வந்து விழுந்தது. எனக்கோ இருபத்தாறு வயது. மூக்குக்கு மேல் கோபம்.

என்னோடு வேலை பார்த்தவர் என்னைவிட எட்டு வயது மூத்தவர். மூணாறு மலையில் மாட்டுப்பட்டிப் பக்கம், எஸ்டேட் கூலிகளின் வரிசை வீடான லயத்தில் பிறந்து, தேயிலை ஃபாக்டரியில் மெஷின் பார்த்தவர். அங்கே வேலையை விட்டதும் லயத்து வீட்டையும் பிடுங்கிக்கொண்டார்கள். மனைவியோடும் இரண்டு பிள்ளைகளோடும் இங்கே வாடகைக்கு இருந்தார். ஆறு மாதம் வேலையைப் பார்த்துவிட்டு நிரந்தரமாக்குவதாகப் பேச்சு. அதில் இரண்டு வாரம்தான் பாக்கி. இங்கே வேலை போனால் அவருக்குத் திரும்பிப் போக ஒரு கூரை கிடையாது. இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் அடித்தேன்.

தினமும் சாயங்காலம் மெஷினில் உள்ளதையெல்லாம் ஒரு காந்த நாடாவில், அதாவது டேப்பில், நகல் எடுத்து வைப்போம். நாடாப் பெட்டி தனியாக, தடுப்புக்குப் பின்னால் சுவரோரமாக நிற்கும். தடித்த கேபிள் ஒன்று அதை மெஷினோடு இணைக்கும். காலையில் மெஷினைப் போடுமுன் அந்தப் பெட்டியிலிருந்து நாடாவைக் கழற்றிவிட வேண்டும். அந்த வேலையை எப்போதும் நானே செய்துவிடுவேன். ஏன் கழற்ற வேண்டும் என்று அவருக்கு ஒரு நாளும் சொன்னதில்லை. எனக்கே அது சரியாகத் தெரியாது என்பது வேறு விஷயம்.

அடி விழுந்த அன்று எனக்கு ஊரில் ஒரு வேலை இருந்தது, வர நேரமாகும். அதனால் முந்தின நாளே ஒரு துண்டுச் சீட்டில் எழுதி அவர் மேஜையில் வைத்துவிட்டுப் போனேன். எங்கள் வீட்டில் பேசுவது கொங்குத் தமிழ், நான் படித்ததெல்லாம் மலையாளப் பள்ளிக்கூடத்தில். அவருக்கு மலையாளம் வாசிக்க வராது என்பதால் மெனக்கெட்டுத் தமிழில் எழுதினேன்.

மறுநாள் மாநில எல்லையில், கோபாலபுரம் செக்போஸ்ட்டில் முதலமடை மாங்காய் லாரிகள் வழியை அடைத்து நிற்க, பஸ் நகரவில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது மணி பத்தரை. கேட்டில் கூட்டம். "மெஷின் செத்துப்போச்சு" என்று ஒருவன் கூவ, மற்றவர்கள் கைதட்டினார்கள். என் சட்டையைப் பிடித்து இழுத்தார்கள், முதுகில் ஒரு குத்தும் விழுந்தது. பித்தான் தெறித்த சட்டையோடு அறைக்குள் நுழைந்தேன். மானேஜர் கையில் கிடைத்த ஃபைலை என் முகத்தில் விட்டெறிந்தார்.

என்னோடு வேலை பார்த்தவர் மெஷின் முன்னால் வியர்த்துப்போய் நின்றுகொண்டிருந்தார்.

"சார், நீங்க சொன்னது மாதிரிதான்..." என்று வாயைத் திறந்தார். இடது கன்னத்தில் விட்டேன் ஓர் அறை. என் சொந்த அவமானம் முழுவதும் அந்த அறையில் இருந்தது.

"என்னடா பண்ணித் தொலைச்சே?"

"இல்ல சார், சீட்டுல..." இரண்டாவது அறை. யூனியன்காரன் உனக்கு என்ன கொடுத்தான் என்று கேட்டேன். பதில் சொல்ல வாயெடுத்தபோது மூன்றாவது. நாலாவது எதற்கென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. உதடு கிழிந்து ரத்தம் மோவாயில் வழிந்தது. அவர் கையை உயர்த்தவே இல்லை, அது என்னை இன்னும் வெறியாக்கியது. மானேஜர் வாட்ச்மேன்களைக் கூப்பிட்டார். அவர்கள் தங்கள் பங்குக்கு அவரை வயிற்றில் மிதித்து, வாட்ச்மேன் அறைக்கு இழுத்துப் போனார்கள். வேண்டுமென்றே மெஷினைக் கெடுத்தான் என்று மானேஜர் எழுதிய காகிதத்தில் சாட்சியாகக் கையெழுத்துப் போட்டேன்.

பிறகு மெஷினோடு மல்லுக்கட்டினேன். கரண்ட் வந்தது. விளக்குகள் எரிந்தன. ஆனால் மெஷின் தயாரானதும் ஒரு வரி அடித்துக் காட்ட வேண்டிய, அதனோடு சேர்ந்த டைப்ரைட்டர் வாய் திறக்கவில்லை. உள்ளே இருந்த சர்க்யூட் அட்டைகளைப் பிடுங்கித் துடைத்துச் செருகினேன். ஃப்யூஸ் பார்த்தேன். நான்கு தடவை அணைத்துப் போட்டேன். கடைசியில் ஓர் உதை விட்டேன், கால் பெருவிரல் நகம் பெயர்ந்ததுதான் மிச்சம்.

மெஷினை விற்ற சென்னைக் கம்பெனிக்கு டிரங்க் கால் கிடைக்க மூன்று மணி நேரம் ஆனது. மறுமுனையில் இருந்த எஞ்சினியர் கொட்டாவி விட்டுக்கொண்டே சொன்னார்: "வெளியில மாட்டியிருக்கிறதை எல்லாம் கழட்டிட்டு ஒரு தடவை போட்டுப் பாருங்க."

நாடாப் பெட்டியின் கேபிளைப் பிடுங்கினேன். மெஷினைப் போட்டேன். டைப்ரைட்டர் கடகடவென்று அடித்தது. கேபிளைத் திரும்ப மாட்டி மறுபடி போட்டேன், ஊமையானது. அப்போதுதான் தடுப்புக்குப் பின்னால் போய்ப் பெட்டியின் கண்ணாடிக் கதவைப் பார்த்தேன். உள்ளே ஒரு நாடா இருந்தது. பழையதல்ல, புத்தம் புதிது. மெஷின் கண் விழித்ததும் முதலில் அந்தப் பெட்டியைத்தான் பார்க்கிறது. அதில் நாடா இருந்தால் தனக்கான கட்டளை அதில்தான் இருக்கிறதென்று நம்பி வாசிக்கப் போகிறது. ஒன்றும் எழுதாத நாடாவில் எதை வாசிப்பது?

வாட்ச்மேன் அறைக்கு ஓடினேன். அவர் தரையில் காலை மடக்கி உட்கார்ந்திருந்தார்.

"எதுக்கு அதுல புது டேப்பை மாட்டினே?"

சட்டைப் பையிலிருந்து என் சீட்டை எடுத்து நீட்டினார். 'மெஷினைப் போடுமுன் டேப்பை மாற்றி வை.'

"சரியாத்தானே எழுதியிருக்கேன்? எடுத்து அப்பால வைன்னு?"

"மாத்தி வைன்னா, பழசை எடுத்துட்டு வேற ஒண்ண வைக்கதுதான சார்?"

சீட்டை வாங்கி இன்னொரு தடவை வாசித்தேன். மலையாளத்தில் மாற்றி வை என்றால் அப்புறப்படுத்து. தமிழில் வேறொன்றை வை. நான் தமிழ் எழுத்தில் மலையாளம் எழுதியிருந்தேன். அவர் ஓர் எழுத்துப் பிசகாமல் தமிழ் வாசித்திருந்தார். காலையிலிருந்து அவர் சொல்ல வந்தது இதைத்தான், ஒவ்வொரு தடவையும் அந்த வாயில்தான் நான் அடித்திருக்கிறேன். வெட்கத்தில் அங்கேயே செத்துப்போகலாம் போலிருந்தது.

சீட்டோடு மானேஜரிடம் போனேன். வாசித்துக் காட்டினேன். அவர் சிரித்தார்.

"அவன் மாற்றி வெச்சில்லல்லோ? பின்னெ குற்றம் ஆருடேயா?"

அவன் எடுத்து அப்பால் வைக்கவில்லையே, பிறகு குற்றம் யாருடையது என்கிறார். அவர் காதுக்கு நான் எழுதினது சரி. அந்த ஆபீசில் யாரைக் கேட்டாலும் சரி என்றுதான் சொல்வார்கள். காகிதத்தில் ஒரு பெயர் இருந்தே ஆக வேண்டும், அது அவன் பெயராக இருந்தால் உனக்கு நல்லது என்றார். ஒரு நிமிஷம் நான் பேசாமல் நின்றது உண்மை. அந்த ஒரு நிமிஷத்தை இன்றும் என்னால் மன்னிக்க முடியவில்லை. பிறகு மேஜையிலிருந்த காகிதத்தை எடுத்துக் கிழித்து, அவர் மூஞ்சியை நோக்கி வீசி, என் பெயரை எழுதிக்கொள்ளச் சொன்னேன். எனக்குப் பதினைந்து நாள் சஸ்பென்ஷன். அவருக்கு வேலை நிலைத்தது.

பதினைந்து நாளும் மன்னிப்பை மனப்பாடம் செய்தேன். கடைசி நாள் சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போனேன். வாசல் படியில் உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி பால் விடாத கட்டன் சாயா கொண்டுவந்து வைத்தாள், என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் அவருக்கு இடது பக்கத்தில் உட்கார்ந்து, தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். சீட்டை, அறைகளை, கையெழுத்தை, மானேஜர் அறையில் பேசாமல் நின்ற அந்த ஒரு நிமிஷத்தை. முதல் முறையாக அவரை 'அண்ணாச்சி' என்று கூப்பிட்டேன். சொல்லி முடித்தபோது குரல் உடைந்துவிட்டது.

அவர் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பி, என் உதடு அசைந்து ஓய்ந்ததை அப்போதுதான் கண்டவர் போல மரியாதையாகச் சிரித்தார்.

"ஏதும் சொன்னீகளா சார்? அந்தக் காது இனிமே கேக்காதுன்னு ஆஸ்பத்திரில சொல்லிட்டாவ. இந்தப் பக்கமா வந்து உக்காந்து சொல்லுங்க."

எழுந்து அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தேன். ஆறிப்போன சாயாவை எடுத்துக் குடித்து, "சாயா நல்லாருக்கு அண்ணாச்சி" என்று மட்டும் சொன்னேன்.