போன் பாறை

அம்மாவைப் பார்த்துக்கொள்வதற்காகத்தான் வீட்டிலிருந்து வேலை செய்ய அனுமதி கேட்டு வாங்கினேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நான் செய்ததையெல்லாம் படிக்கும்போது உங்களுக்கு இது மறந்துபோகலாம். எனக்கே மறந்துதான் போயிற்று.

பெங்களூரில் எனக்கு இன்சூரன்ஸ் வேலை. வெளிநாட்டு ஆஸ்பத்திரிகள் அனுப்பும் காகிதங்களைப் படித்து ஒவ்வொரு நோய்க்கும் உரிய எண்ணைப் போட வேண்டும். அம்மாவுக்கு இதயம் பலவீனமாகிவிட்டது, இனி மேடு ஏறக் கூடாது என்று திருப்பத்தூர் டாக்டர் சொன்னபோது, அந்த நோயின் எண்தான் முதலில் என் வாயில் வந்தது. அழுகை அப்புறம்தான் வந்தது.

மேடு ஏறக் கூடாது என்றால் எங்கள் ஊரில் எங்கேயும் போகக் கூடாது என்று அர்த்தம். மலைமேல், புதூர்நாட்டுக்கு அந்தப் பக்கம், ஜீப் நிற்கும் இடத்திலிருந்து இன்னும் உள்ளே நடந்தால் வரும் முப்பது வீடுகள். வீடுகளில் போனுக்கு சிக்னல் கிடையாது. எங்கள் வீட்டுக்கு எதிரே, சாமைக் கொல்லையைத் தாண்டி ஒரு பாறை உண்டு. அதன்மேல் ஏறினால்தான் கிடைக்கும். ஊரே அதைப் போன் பாறை என்றுதான் சொல்லும். நான் பெங்களூரில் இருந்த ஆறு வருஷமும் அம்மா தினம் சாயங்காலம் அந்தப் பாறையில் ஏறி உட்கார்ந்து என்னோடு பேசினாள். ஒரு மணி நேரம், சில நாள் அதற்கும் மேல். எந்தக் கோழி அடைக்கு உட்கார்ந்தது, எந்தப் பலா மரத்தடியில் கரடி வந்து போனது, அண்ணி எதற்காக முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறாள், எல்லாம் வரும். நான் ஹாஸ்டல் மொட்டை மாடியில் நடந்தபடியே ‘ம்’ கொட்டுவேன். என் நாளில் நான் சிரிப்பது அந்த ஒரு மணி நேரத்தில்தான்.

அம்மாவால் பாறை ஏற முடியாமல் போனதும் அந்தப் பேச்சு நின்றது. அதனால்தான் மேனேஜரிடம் மூன்று முறை கெஞ்சி அனுமதி வாங்கி, லேப்டாப்பை மார்போடு அணைத்துக்கொண்டு ஜீப்பில் வந்து இறங்கினேன். அம்மா வாசல் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள்.

"இன்னாடி, வேலைய வுட்டுட்டியா?"

"இல்லம்மா. வேலையும் பாப்பேன், வூட்லயும் இருப்பேன்."

"அப்பிடி ஒரு வேலை இருக்குதா?" என்று கேட்டு, பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டு எனக்கு முன்னாலேயே பெருமையடித்தாள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

வீட்டில் சிக்னல் இல்லாத ஊரில் வீட்டிலிருந்து எப்படி வேலை செய்வாய் என்று யாரும் கேட்கவில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. படித்தவள் புத்தி அவ்வளவுதான். அண்ணன் பாறைமேல் நாலு மூங்கிலை நட்டு, தார்ப்பாய் கட்டி, ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக் கொடுத்தான். காலை ஒன்பதரைக்கு ஏறினால் இருட்டும் நேரத்துக்கு இறங்குவேன். மற்றவர்களும் பேசுவதற்கு அங்கேதான் வர வேண்டும். நான் மீட்டிங்கில் இருக்கும்போது ஒருத்தி, கேரளத்தில் எஸ்டேட் வேலைக்குப் போன புருஷனோடு சண்டை போடுவாள். மெதுவாகப் பேசச் சொன்னேன். "பாறைக்கு இவ பட்டா வாங்கிக்கினு வந்துட்டா" என்று ஊரெல்லாம் சொன்னாள். அவள் சொன்னதில் தப்பில்லை.

அம்மாவுக்கு நான் கொடுத்தது காலையில் ஒரு மணி நேரம். குளிக்க வைத்து, கஞ்சி கொடுத்து, மாத்திரை கொடுத்து, தலை வாரிவிடுவேன். ஆனால் அந்த நேரத்தில்தான் கரண்டு போவதற்குள் லேப்டாப்பில் சார்ஜ் ஏற வேண்டும். அம்மாவுக்கு மூச்சு வாங்கும், நிறுத்தி நிறுத்தித்தான் பேசுவாள். ஒரு கனவைச் சொல்ல ஆரம்பிப்பாள், பாதியில் என் கண் சார்ஜ் விளக்குக்குப் போகும். "சரி, நீ கௌம்பு" என்பாள். சாயங்காலம் நான் இறங்கி வரும்போது அவள் அசந்து தூங்கியிருப்பாள். எழுப்ப மனசு வராது. மொட்டை மாடியில் நடந்துகொண்டு கேட்ட கதைகளில் பாதிகூட, பக்கத்தில் வந்தபின் நான் கேட்கவில்லை. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவார்கள் என்பார்களே, நான் நெய்க்குக்கூட அலையவில்லை.

பலா பழுக்கும் காலம் அது. ஒருநாள் மத்தியானம், கம்பெனியின் பெரிய ஆள் ஒருவர் கேட்டுக்கொண்டிருக்க நான் பேசிக்கொண்டிருக்கிறேன். அண்ணி மூச்சு வாங்க ஏறி வந்து, "பாப்பா, அத்தை பழம் வெட்டச் சொல்றாங்க, உனுக்குப் புடிச்ச மரத்துதாம், வர்றியான்னு கேக்கறாங்க" என்றாள். அது மைக் வழியாக அப்படியே அந்தப் பக்கம் போய்விட்டது. யாரோ சிரித்தார்கள். எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. அன்றைக்கு இறங்கி வந்து, மூன்று பேரையும் உட்காரவைத்துச் சொன்னேன்.

"காதுல இந்த ஹெட்போன மாட்டியிருந்தன்னா யாரும் மேல வராதீங்க. கூப்புடவும் வேணாம். வூடே எரிஞ்சாலும் சாயங்காலம் சொல்லுங்க."

அண்ணன் எழுந்து வெளியே போனான். அம்மா மட்டும், "சரி" என்றாள். ஈ மொய்க்காமல் இலை போட்டு மூடி எனக்கென்று எடுத்துவைத்திருந்த சுளைகளை அண்ணி கொண்டுவந்து வைத்தாள். நான் கோபத்தில் தொடவில்லை.

பிறகு ஒரு காலையில் தலை வாரிவிடும்போது அம்மா சொன்னாள்.

"எட்ட இருந்தா கிட்ட உறவுன்னு சும்மாவா சொன்னாங்க. நீ பெங்களூர்ல இருந்தப்ப தெனம் எங்கூட இருந்த."

"இப்ப எங்கம்மா இருக்கேன்?"

"தோ, அங்க. யார் கூடயோ இங்கிலீஷ்ல பேசிக்கினு இருக்கற. நீ சிரிக்கிறது இங்க கேக்குது. இன்னா சொல்லி சிரிக்கிறன்னுதான் தெரியல."

குறையாகச் சொல்லவில்லை. பார்த்ததைச் சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது. அடுத்த மாதம் சம்பளமில்லா லீவு போட்டுவிடலாம் என்று அப்போது நினைத்தேன். இந்த மாதம் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு வேலை சொல்லிக் கொடுக்கும் பொறுப்பு என் தலையில் இருந்தது. லீவு கேட்டால் என் இடத்தில் வேறு ஆளை உட்காரவைத்துவிடுவார்கள் என்ற பயமும் இருந்தது. அம்மாவுக்கு அடுத்த மாதம் இருக்கிறதா என்று யோசிக்கவில்லை. எத்தனையோ பேருடைய இதயத்துக்கு எண் போட்டவள் நான்.

அந்த மாதம் முடியும் முன்னே ஒரு நாள், பதினொரு மணி இருக்கும். புதியவர்கள் ஆறு பேருக்குத் திரையைக் காட்டி விளக்கிக்கொண்டிருந்தேன். எங்கள் வாசலில் ஆட்கள் சேர்வது தெரிந்தது. பலாக்காய் வாங்கும் வியாபாரி வந்திருக்கிறான் என்று நினைத்தேன், அவன் வந்தால் அப்படித்தான் கூடுவார்கள். கொஞ்ச நேரத்தில் அண்ணன் கூட்டத்திலிருந்து விலகி வந்து, தலையில் கைவைத்துத் தரையில் உட்கார்ந்தான். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் சொல்லிக்கொண்டிருந்த வாக்கியத்தை முடித்தேன். ஏதாவது சந்தேகம் இருக்கிறதா என்றுகூடக் கேட்டேன். அதை நினைத்தால் என் நாக்கை அறுத்துக்கொள்ளலாம் போலிருக்கிறது. யாரும் என்னைக் கூப்பிட வரவில்லை. நானாகத்தான் இறங்கிப் போனேன்.

அம்மாவின் உடம்பு இன்னும் சூடாக இருந்தது. காலையில் நான் வாரிவிட்ட தலை கலையவே இல்லை.

துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றையே சொன்னார்கள். "கடைசி காலத்துல கூடவே இருந்து பாத்துக்கினியே, அந்தப் புண்ணியம் போதும்மா. எந்தப் பொண்ணு வேலைய வெச்சிக்கினு இப்பிடி வந்து உக்காருவா?" நான் ஒவ்வொருவருக்கும் தலையாட்டினேன். மேனேஜர் நல்ல மனிதர், ஒரு வாரம் லீவு கொடுத்தார். அவர் அனுப்பிய செய்தியைப் பார்க்கவும் நான் பாறைக்குத்தான் ஏற வேண்டியிருந்தது.

மூன்றாம் நாள் பால் தெளித்துவிட்டு வந்தபிறகு, அண்ணி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நான் சாப்பிடாமலே இருக்கிறேன் என்று அவளுக்குக் கவலை. அம்மா என்னை நினைத்துக்கொண்டுதான் போனாள் என்று சொன்னால் தேறுவேன் என்று நினைத்திருக்கிறாள்.

"மூச்சு இழுக்க ஆரம்பிச்சப்பவே, கூப்புட்டுக்கினு வர்றேன் அத்தைன்னு எழுந்தேன் பாப்பா. என் பொடவையப் புடிச்சி நிறுத்திட்டாங்க. வேணாம்டி, அவ ஆபீஸ்ல இருக்கா, சாயங்காலம் வந்துடுவான்னாங்க."

அண்ணி சோற்றைப் பிசைந்து என் கையில் வைத்தாள். நான் வாசல் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். அங்கிருந்து பார்த்தால் பாறைமேல் தார்ப்பாயும் நாற்காலியும் நன்றாகத் தெரிகின்றன. காதில் எதுவும் மாட்டாமல் இருப்பவளுக்கு, இங்கிருந்து ஒரு சத்தம் கொடுத்தாலே கேட்கும்.