சசிகலாவின் ஆறாவது விரல்

வாழவந்தி என்ற மலையூர்ச் சசிகலாவுக்கு வலது கையில் சுண்டுவிரலை ஒட்டி ஆறாவதாக ஒரு விரல். வலது காலிலும் அப்படியே. அவளுடைய அப்பாவுக்கும் இருந்தது. குடும்ப வழியில் வருவது. சாமி கொடுத்த வரமும் இல்லை, பாவத்தின் சம்பளமும் இல்லை. சொல்லிச் சொல்லி என் வாய்தான் வலித்தது.

கைவிரலை ராசி என்றார்கள். பள்ளிக்கூடம் போகும் வயதிலேயே எழுப்பிக் கூட்டிப்போய், சாமை விதைப்பில் முதல் பிடியைப் போட வைத்தார்கள். கல்யாணமாகி வந்த வீட்டிலும் காப்பிப் பழத்தின் முதல் கொத்தை அவள்தான் பறிக்க வேண்டும். பக்கத்துத் தோட்டக்காரர்களும் வந்து அழைப்பார்கள். கால்விரலை மட்டும் யாரும் கண்டுகொள்ளவில்லை. எந்தச் செருப்பும் சேராமல் அந்த ராசிக்காரி வெறுங்காலோடு நடந்தாள்.

கைவிரலில் எலும்பு சரியாகக் கூடவில்லை, தொங்கும். செடிக்குள் கைவிட்டால் கிளையில் மாட்டிக் கிழியும். இந்த ஆவணியில் சீழ் வைத்துக் காய்ச்சலே வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் நோயாளிகளைப் பார்த்துக்கொண்ட பழக்கத்தில், அடுத்த வீட்டில் இருக்கும் நான்தான் கட்டுப்போட்டேன். புண் ஆறியதும் விரலை எடுத்துவிடலாம் என்று சேலத்து டாக்டர் கார்த்திகையில் நாள் கொடுத்தார். பழம் பறிக்கத் தொடங்கும் வாரம் அது.

மாமியார் கண்ணாயி விடமாட்டேன் என்றாள். பக்கத்துத் தோட்டத்து அங்கப்பன் வந்து, எங்கள் வெள்ளாமை என்ன ஆவது என்று நியாயம் கேட்டார். புதுத்தோல் மூடிய கையை வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருக்க, அவள் காதுபடவே பழத்தையும் மிளகையும் பற்றிப் பேசினார்கள். புருஷன் தனபால் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

சசிகலா காலை நீட்டினாள்.

"ஏனுங்க அத்தை, இதும் அதே ரத்தந்தானுங்க. இதுக்கு ராசி இல்லீங்களா? இந்தக் கால்லயே மொதக் கொத்த உதுத்து உடட்டுங்களா?"

"காலும் கையும் ஒண்ணாடி?"

"எனக்கு ரெண்டும் நொம்ப நோவுதுங்க."

மறுநாள் காலை பஸ்ஸில் ஏறிவிட்டாள். தனபால் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினான். விரலை எடுத்தாயிற்று, கால்விரலுக்குத் தையில் வரச் சொன்னார்கள்.

திரும்பி வந்து பஸ்ஸை விட்டு இறங்கினால், அங்கப்பன் காலிக் கூடையோடு நிற்கிறார். வலிக்கிறதா என்று ஒரு வார்த்தை இல்லை.

"கட்டோட இருந்தா என்ன கண்ணு, கூடைய ஒருக்காத் தொட்டுக் குடு."

சசிகலா கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"அந்த வெரலு சேலத்துலயே நின்னுக்கிச்சுங்க மாமா. வேணும்னா இதே பஸ்ல போயிக் கூட்டியாங்க."