சொர்ணவல்லி கட்டிய சிவப்பு நூல்

சூனியம் வைத்தாளாம்! சொர்ணவல்லியோடு ஒரு நாள் தண்ணீர் இறைத்தவர்கள்கூட அந்தச் சொல்லை வாயில் வைக்க மாட்டார்கள். பூவில் நூல் கட்டினாள், அது உண்மை. மார்கழி விடியலில், பனி விலகுவதற்கு முன்னால் கொல்லையில் நின்று கட்டினாள், அதுவும் உண்மை. பழைய சேலைக் கரையிலிருந்து உருவிய சிவப்பு நூல். அதனால்தான் மாமியாருக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது என்று தெருவே பேசியது. அந்த மாமியார் சின்னப்பிள்ளையின் முழங்கால் வலி மருமகள் வருவதற்குப் பத்து வருஷத்துக்கு முந்தியது. அதற்கும் அவளா வந்து நூல் கட்டினாள்?

நடந்ததைக் கேட்டுவிட்டு யார் வேண்டுமானாலும் பேசட்டும்.

அது வெள்ளைக்காரனின் இரண்டாவது உலகச் சண்டை நடந்த காலம். அரிசிக்கு வரிசையில் நின்றாலும் அரைப்படிதான். வீட்டில் நாலு பறங்கிக்காய் கிடந்தால் ஒரு மாதத்தை ஓட்டிவிடலாம். குடுமியான்மலைக்கு வடக்கே இருந்த அந்த ஊரில் சொர்ணவல்லியின் புருஷன் ஆண்டிச்சாமி வருஷா வருஷம் பறங்கியை ஊருக்கு வெளியே புன்செய்க் காட்டில்தான் போடுவான். அந்த வருஷம் மழை இல்லை. அதனால் கிணற்றுத் தண்ணீர் பாயும் வீட்டுக் கொல்லையிலேயே ஆறு குழி எடுத்தார்கள். விதை ஊன்றியவள் சொர்ணவல்லி. குடம் குடமாக ஊற்றி வளர்த்தவளும் அவள்தான்.

கொடி ஓடியது, மார்கழியில் மஞ்சளாகப் பூத்தது. வாசல் கோலத்தில் சாணி உருண்டை பிடித்து, அதன் தலையில் சொருகப் பூ கேட்டுத் தெருப்பெண்கள் விடியலிலேயே வந்துவிட்டார்கள். காட்டில் கிடந்த கொடியைத் தேடி யாரும் போனதில்லை. வீட்டுக் கொல்லை என்றால் கை நீட்டும் தூரம். மாமியார் சின்னப்பிள்ளைக்கு அதில் ஒரே பெருமை. அடியில் குண்டாகப் பிஞ்சு வைத்திருக்கும் பூவைத் தொட விடமாட்டாள். நீளக் காம்பில் ஒல்லியாக நிற்கும் பூவைக் காட்டுவாள்.

"மலட்டுப் பூவாப் பார்த்துப் பறிச்சுக்கங்கடி. இருந்தா மட்டும் என்ன, காய்க்கவா போகுது?"

சொல்லும்போதே அவள் பார்வை மருமகள் பக்கம் ஒரு நடை போய்வரும். கல்யாணமாகி ஏழு வருஷம் ஆகியும் தொட்டில் கட்டவில்லை.

பிஞ்சுகள் கோலிக்குண்டு அளவுக்கு வந்தன, மஞ்சளித்தன, உதிர்ந்தன. அடுத்த வீட்டுப் பொன்னுத்தாய் வேலிக்கு அங்கிட்டு நின்று, கேட்கட்டும் என்றே பேசினாள்.

"ஊனுன கை அப்படி. கொடி என்ன செய்யும் பாவம்!"

சின்னப்பிள்ளைக்கு அது போதுமானதாக இருந்தது. தன் அண்ணன் மகளை ஆண்டிச்சாமிக்கு ரெண்டாம் தாரமாகக் கட்டிவைக்க அவளுக்கு நெடுநாள் ஆசை. ஆண்டிச்சாமி மழுப்பினான். "பறங்கி காய்க்குதான்னு பாப்போம் ஆத்தா. அப்புறம் பேசிக்கலாம்." ஆக, சொர்ணவல்லியின் வாழ்க்கை அந்த ஆறு குழிக் கொடியில் வந்து மாட்டிக்கொண்டது.

அழுதுகொண்டு உட்காரும் பெண் அல்ல அவள். கொடியைச் சுற்றிச் சுற்றி வந்தாள். தெற்கு மூலையில் ஒரு கொடி முள்வேலிக்குள் நுழைந்திருந்தது. அங்கே மட்டும் ஒரு பிஞ்சு திரண்டு, தேங்காய் அளவுக்குப் பச்சையாக நின்றது. ஒரே தண்ணீர், ஒரே எரு, ஊன்றியதும் ஒரே கை. வேறு என்ன? பக்கத்தில் முள்ளுக்கு நடுவே மலட்டுப் பூக்கள். முள்ளுக்குப் பயந்து எந்தப் பெண்ணும் பறிக்காமல் விட்டவை.

மறுநாள் விடியலில் வேலியோரம் குந்திக்கொண்டாள். வெயில் ஏறியதும் ஒரு தேனீ வந்தது. ஒரு மலட்டுப் பூவுக்குள் விழுந்து புரண்டு, முதுகெல்லாம் மஞ்சள் தூளோடு எழுந்தது. நேரே பிஞ்சு வைத்த பூவுக்குள் போய் மறுபடி புரண்டது. சொர்ணவல்லி அந்த மலட்டுப் பூவுக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். மஞ்சள் அரைத்த கைபோல விரல் நிறம் மாறியது.

அடுத்த நாள் தெரு எழுவதற்குள் முள்ளுக்குள் கைவிட்டு ஒரு மலட்டுப் பூவைப் பறித்தாள். இதழைப் பிய்த்துவிட்டு, நடுவில் இருந்த தண்டை ஒரு பிஞ்சுப் பூவின் நெஞ்சில் மெல்லத் தேய்த்தாள். எதைத் தொட்டோம், எதைத் தொடவில்லை என்று மறந்துவிடக் கூடாதே! அதற்காகத்தான் தொட்ட பூவின் காம்பில் சிவப்பு நூல். நாலு நாளில் ஏழு நூல்.

பொன்னுத்தாய் கண்ணில் பட்டது நூல்தான்.

"ஏ சின்னப்பிள்ளை, ஓடி வா! ஒன் மருமக கொல்லை பூராச் செய்வினை செஞ்சு வச்சிருக்கா!"

தெரு கூடியது. சின்னப்பிள்ளை நூலை அறுக்கக் குனிந்தாள். சொர்ணவல்லி குறுக்கே நின்றாள்.

"அறுக்காதீங்க அத்தே. நூல் கட்டுனது ஏழு. கட்டாதது எத்தனைன்னு நீங்களே எண்ணிக்கங்க. பத்து நாள் போகட்டும், எது உதிருதுன்னு பாருங்க. ஏழும் உதிந்தா நானே மூட்டையக் கட்டிக்கிறேன்."

பத்தாம் நாள் சின்னப்பிள்ளை முழங்காலைப் பிடித்துக்கொண்டு கொல்லையை ஒரு சுற்று வந்தாள். முள்வேலிக்குள் இருந்ததைத் தவிர, நூல் கட்டாத பிஞ்சு ஒன்றுகூட நிற்கவில்லை. நூல் கட்டியதில் ஐந்து, குழந்தைத் தலை அளவுக்குத் திரண்டிருந்தன.

"மலட்டுப் பூன்னு சொல்லாதீங்க அத்தே. அதுதான் அப்பன் பூ. அதைப் பூராக் கோலத்துக்குக் குடுத்துட்டோம்," என்றாள் சொர்ணவல்லி.

 மறுநாள் பூ கேட்டு வந்த பெண்களிடம் மாமியார், "இன்னைக்குப் பூ கெடையாது, போங்கடி!" என்று எரிந்து விழுந்தாள். பிறகு மனசு கேட்காமல், "சரி, ஆளுக்கு ஒண்ணு. மத்தது நிக்கட்டும்," என்றாள்.

கொடி காய்த்துவிட்டது. கல்யாணப் பேச்சு நின்றுவிடும் என்றுதான் சொர்ணவல்லி நினைத்தாள். மாசியில், ஆண்டிச்சாமி கஞ்சி குடித்துக்கொண்டிருந்தபோது சின்னப்பிள்ளை மருமகளைப் பார்த்துத் தொடங்கினாள்.

"கொடி காய்ச்சது சரிதான். நீ காய்க்கலையே!"

"பிஞ்சுப் பூ மேலயே பழியப் போட்டுத்தான் அத்தே அத்தனையும் உதிந்துச்சு. ரெண்டு பூவும் சேந்தாத்தானே காய்? ஒங்க மகனையும் ஒருக்கா வைத்தியர்கிட்டக் காட்டுங்க."

ஆண்டிச்சாமியின் கை சட்டியிலேயே நின்றது. சொர்ணவல்லி அவன் முகத்தைப் பார்த்தாள்.

"நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. போறதுன்னா சேந்து போவோம்."

"ஆத்தா சொல்றதுதான்," என்றான், சட்டியைப் பார்த்தபடி.

அவ்வளவுதான். ஆவுடையார்கோவில் பக்கம் அவள் தாய் தனியாக இருந்தாள். குளத்தங்கரையில் ஒரு துண்டுக் கொல்லை தரிசாகக் கிடந்தது. மறுநாள் காலை மாற்றுச்சேலை ரெண்டை மூட்டை கட்டினாள். கொல்லைக்குப் போய், நூல் கட்டியதில் நன்றாக முற்றிய காய் ஒன்றை அறுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள். சின்னப்பிள்ளை தடுக்கவில்லை. "நிழல்ல வச்சு அறு. வெதை வெம்பிரப் போகுது," என்று மட்டும் சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வாசலில் பொன்னுத்தாய் நின்றாள். வாய் சும்மா இருக்குமா?

"பிள்ளையத் தூக்கி இடுப்புல வச்சுக்கிட்டுப் போறாப் பாருங்கடி!"

"ஆமாக்கா. ஒண்ணு இல்ல, உள்ள எரநூறு இருக்கு."

தெருப்பெண்கள் சிரித்துவிட்டார்கள். பொன்னுத்தாய் சிரிக்கவில்லை. பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினாள்.

"ஏத்தா, என் வீட்டுச் சுரையும் இப்படித்தான் உதிருது. எந்தப் பூவை எதுல வைக்கணும்?"

சொர்ணவல்லிக்குச் சிரிப்பு வந்தது. பெட்ரோல் கிடைக்காமல் கரியில் ஓடிய புதுக்கோட்டை பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. "சுரை சாயங்காலம் பூக்கும்க்கா, அந்தியில வைங்க. அப்பன் பூவை எடுத்து இப்படி," என்று விரலால் காற்றில் தேய்த்துக் காட்டினாள். "நூல் கட்ட மறந்துராதீங்க."

காயை இடுப்பில் ஏற்றிக்கொண்டு வாசற்படி இறங்கினாள்.