இன்னும் வராத சட்டம்

பிள்ளைகளை அடிப்பதைக் குற்றமாக்கித் தண்டனைச் சட்டத்தைத் திருத்தப் போகிறார்கள் என்ற செய்தி வந்தபோது, எங்கள் சங்கக்கடையில் அதை எதிர்த்து அதிகம் கத்தியது நான்தான். வட்டக்கச்சியில் அரிசியும் சீனியும் நிறுத்துக் கொடுக்கிற எனக்கு, தராசுக்கு இந்தப் பக்கம் நின்றபடி வருகிறவர் போகிறவர் எல்லாரோடும் வாய் கொடுப்பது வேலையில் பாதி. அப்போது பேசிய பேச்சுகளை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

பள்ளிக்கூடத்தில் வாத்திமார் அடிக்கக் கூடாது என்பதோடு நிற்கவில்லையாம். வீட்டில் தாய் தகப்பன் அடித்தாலும் வழக்கு வருமாம். இன்னும் சட்டமாகவில்லை, பேச்சளவில்தான் இருக்கிறது என்று ரேடியோவில் சொன்னார்கள். எங்கள் கடையில் அது எப்போதோ சட்டமாகி, ஆளும் பிடிபட்டு, தீர்ப்பும் சொல்லியாயிற்று.

"பெத்தது நாங்கள், வளக்கிறது நாங்கள். அடிக்கிறதுக்குக் கொழும்பிட்டக் கேக்கவேணுமோ?" என்றார் பருப்பு வாங்க வந்த வயல்காரர் ஒருவர்.

"அதைத்தானே ஐயா நானும் கேக்கிறன். இனி விடியப் பிள்ளையளைக் கும்பிட்டுத்தான் எழுப்பவேணும் போல" என்றேன். கடையில் நின்ற எல்லாரும் சிரித்தார்கள்.

முல்லைத்தீவிலிருந்து கருவாடு கொண்டுவந்து போடுகிற, நாங்கள் நானா என்று கூப்பிடுகிற முஸ்லிம் வியாபாரி மட்டும் சிரிக்கவில்லை. கருவாட்டுப் பெட்டியை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னார்: "எங்கட வாப்பா எனக்கு அடிச்சது இப்பவும் ஞாபகம் இருக்கு தங்கச்சி. ஏன் அடிச்சாரெண்டதுதான் ஞாபகம் இல்ல."

"அப்ப விழுந்த அடி காணாது, நானா" என்றேன் நான். அதற்கும் சிரித்தார்கள். அந்த மனிதர் நல்லவர், தானும் கொஞ்சம் சிரித்து வைத்தார்.

எனக்குக் கோபம் மூக்கு நுனியில். கட்டாரில் வேலை செய்கிற என் கணவர், "உன்ர கோபத்துக்கு இஞ்ச வரைக்கும் வெக்கை அடிக்குது" என்று போனில் சொல்லுவார். அவர் போய் நாலு வருடம். வீட்டில் நானும் ஒன்பது வயது மகளும்தான். கோபம் வந்தால் அதைக் கொண்டுபோய்க் கொட்ட எனக்கு அவளை விட்டால் ஆளில்லை. அப்படி எழுதும்போதே கை கூசுகிறது, ஆனால் உண்மை அதுதான்.

எங்கள் பக்கத்து வீடுகளில் அடிக்கிறவர் தடி தேடிப் போவதில்லை. அடி வாங்கப் போகிறவர்தான் வேலிக்குப் போய் அதை முறித்துக்கொண்டு வரவேண்டும். நானும் அப்படித்தான் வளர்ந்தேன். வேலிக்கு நட்ட பூவரசங் கதியாலில் எந்தக் கிளையை முறிப்பது என்பது ஒரு தனிக் கணக்கு. காய்ந்த தடி முதல் அடியிலேயே முறிந்துவிடும், ஆனால் அம்மா அதைத் தூக்கி எறிந்துவிட்டு இன்னொன்று கொண்டுவரச் சொல்லுவா. மொத்தமான தடி பட்ட இடம் கன்றிப்போகும். மெல்லிய பச்சைத் தடி சுளீரென்று இழுக்கும், ஆனால் கெதியில் ஆறிவிடும். தடி பிடித்துக்கொண்டு வேலியிலிருந்து வீட்டுக்கு நடந்து வருகிற அந்தக் கொஞ்சத் தூரம், அடியை விட மோசமானது. இதெல்லாம் தெரிந்தும் நான் என் மகளிடம் அதே சொல்லைச் சொன்னேன்.

சிறுபோகத்துக்கு இரணைமடுக் குளத்துத் தண்ணீர் திறந்து விட்டிருந்த நேரம் அது. வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் மகளைக் காணவில்லை. சைக்கிளையும் காணவில்லை. கூப்பிட்டேன், பக்கத்து வளவுகளில் கேட்டேன், எங்கள் ஒழுங்கைத் தெரு முடியும் வரை ஓடினேன். யாரோ ஒருவர் வாய்க்கால் பக்கம் சைக்கிள் கண்டதாகச் சொன்னார். அந்த வாய்க்கால் கரையால் நான் ஓடிய ஓட்டத்தை இன்றைக்கும் என் கால் மறக்கவில்லை. தண்ணீர் இரண்டு கரையையும் தொட்டுக்கொண்டு, மண் நிறத்தில், ஒரு சத்தமும் இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. மகள் மதகுத் துருசுக்கு மேலே குந்தியிருந்து, பூவரசம் பூவை ஒவ்வொன்றாகத் தண்ணீரில் விட்டு, மற்றப் பக்கத்தால் வெளியே வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளைக் கட்டிப்பிடித்திருக்க வேண்டும். மனம் முழுக்க அதுதான் இருந்தது. ஆனால் வாயிலிருந்து வந்தது வேறு. "நட வீட்ட. போய் ஒரு தடி முறி" என்றேன்.

மெல்லிய பச்சைத் தடிதான் கொண்டுவந்தாள். யாரும் சொல்லிக் கொடுக்காமலே அந்தக் கணக்கு அவளுக்கும் தெரிந்திருந்தது. கெண்டைக்காலில் மூன்று அடி. அவள் கத்தவில்லை. நான்தான் கத்தினேன்: "தண்ணி இழுத்துக்கொண்டு போயிருந்தா நான் என்னடி செய்யிறது?" பிறகு குசினிக்குள் போய் அடுப்படியில் நின்று நானே அழுதேன். அவளுக்குத் தெரியக் கூடாதென்று தேங்காய் துருவினேன்.

அடுத்த நாள் பள்ளிக்கூடத்துக்குச் சிறுவர் உரிமை பற்றிப் பேச ஒரு உத்தியோகத்தர் போயிருக்கிறார். வரப்போகிற சட்டத்தைப் பற்றியும் சொல்லியிருக்கிறார். பிள்ளைகளுக்குத் தைரியம் வரட்டும் என்று நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். இது எனக்குப் பிறகுதான் தெரியவந்தது. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், அந்த வெக்கையிலும் மகள் வெள்ளைக் காலுறையை முழங்கால் வரை இழுத்துவிட்டபடி வீட்டுக்கு வந்தாள் என்பதுதான். சோறு தின்னும்போது சிறைச்சாலையைப் பற்றிக் கேட்டாள்:

"அம்மா, மறியலில இருக்கிறவையைப் பாக்கச் சின்னப் பிள்ளையளை விடுவினமோ?"

"உனக்கேன் அந்தக் கதை? சாப்பிட்டுப் போய்ப் படி" என்றேன்.

எங்கள் வீட்டு முன்னறையில் என் தம்பியின் படம் ஒன்று மாட்டியிருக்கிறது. மாலை போடாத படம். மாலை போடுவதா விடுவதா என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. "மாமா எங்க?" என்று மகள் சின்னதில் கேட்டபோதெல்லாம், "பிடிச்சுக்கொண்டு போட்டினம்" என்று மட்டும்தான் சொல்லியிருக்கிறேன். அதற்கு மேல் எனக்கே ஒன்றும் தெரியாது. பிடித்துக்கொண்டு போனவர்கள் திரும்பி வருவதில்லை என்பதுதான் அவள் எங்கள் வீட்டில் படித்த பாடம். அந்தக் கேள்வியை அவள் எந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டாள் என்று அன்றைக்கு நான் நிமிர்ந்து பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. சோற்றுக் கோப்பையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு ஒரு வாரம் அவள் பொன்னான பிள்ளை. நான் சொல்ல முன்னமே புத்தகம் எடுத்தாள். கிணற்றடியில் வாளியை வைத்த இடத்தில் வைத்தாள். அடி வேலை செய்கிறது என்று எனக்குப் பெருமை வேறு. கடையில் அதையும் சொன்னேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை உடுப்புக் காயப்போடப் போனபோதுதான் வேலியைப் பார்த்தேன். குசினிப் பக்கத்து வேலி முழுக்க மொட்டை. பூவரசங் கதியாலில் ஒரு ஆள் உயரம் வரைக்கும் ஒரு தளிர் இல்லை, ஒரு பச்சைக் கிளை இல்லை. அதற்கு மேலே மட்டும் இலையும் பூவுமாகத் தலைப்பா கட்டிய மாதிரி நின்றது. எனக்கு உடனே பக்கத்து வீட்டு ஆடுதான் கண்ணுக்குள் வந்தது. பூவரசங்குழை என்றால் ஆடு உயிரை விடும்.

பக்கத்து வீட்டு அக்காவின் குடும்பம் மலைநாட்டிலிருந்து வந்து இங்கே காடு வெட்டிக் குடியேறியது. அவவின் பேச்சில் இன்னும் அந்த இழுவை இருக்கும். என்னை விடப் பத்து வயது மூத்தவ, எனக்குக் காய்ச்சல் வந்தால் கஞ்சி கொண்டுவருகிறவ. அதெல்லாம் அப்போது ஞாபகம் வரவில்லை. ஈர உடுப்பைக் கொடியில் அப்படியே விட்டுவிட்டு அவவின் வாசல் படலையடியில் போய் நின்றேன்.

"ஆடு வளக்கிறதெண்டாக் கட்டி வளக்கவேணும் அக்கா. என்ர வேலியை வந்து பாருங்கோ, ஒரு குழை மிச்சமில்லை."

அக்கா சாணம் அள்ளிக்கொண்டிருந்த கையோடு வந்தா. கோபிக்கவில்லை. வேலியைக் கிட்டப் போய்ப் பார்த்தா. ஒரு கிளையின் முனையைத் தடவிப் பார்த்தா.

"ஏன் தங்கச்சி, ஆடு கடிச்சா இப்புடியா இருக்கும்? ஆடு எலையத் திங்கும், பட்டைய உரிக்கும். இது கையால முறிச்சது. உங்க மகதானே ஒரு வாரமா பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஒரு கட்டுக் குழை கொண்டாந்து எங்க ஆட்டுக்குப் போடுது? நீங்கதான் குடுத்து விடுறீங்கன்னு நெனச்சேன். உங்கள மனசுக்குள்ள வாழ்த்திக்கிட்டு இருந்தேன்."

எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. திரும்பிப் பார்த்தால் மகள் குசினி வாசலில் நின்றாள். அக்காவை நான் ஏசியது அவளுக்குக் கேட்டிருக்கிறது. முகம் வெளிறிப்போயிருந்தது. என்றாலும் ஓடி ஒளியவில்லை. எங்கள் இருவருக்கும் நடுவே வந்து நின்றாள்.

"அன்ரியை ஏசாதேங்கோ. நான்தான் முறிச்சனான்."

"ஏன் பிள்ளை? ஆட்டுக்கோ?"

"இல்லை." அக்காவை ஒருமுறை பார்த்தாள், பிறகு நிலத்தைப் பார்த்துச் சொன்னாள். "வேலியில தடி இல்லாட்டி உங்களால அடிக்கேலாது. நீங்கள் அடிக்காட்டி உங்களைப் பிடிக்கமாட்டினம்."

அக்கா என் தோளைச் சாணி படாத புறங்கையால் ஒருமுறை தொட்டுவிட்டு, வந்த வழியே போய்விட்டா. அவவிடம் அன்றைக்குப் பின்னேரமே போய் மன்னிப்புக் கேட்டேன். அவவுக்கு அது பெரிய விசயமாகவே இல்லை.

நான் மகளைக் கூட்டிக்கொண்டு போய்க் கிணற்றுக் கட்டில் இருத்தினேன். என் மடியிலோ பக்கத்திலோ அவளாக வந்து இருக்கவில்லை, கொஞ்சம் தள்ளித்தான் இருந்தாள். மெதுவாகக் கேட்கக் கேட்க எல்லாம் வந்தது. உத்தியோகத்தர் சொன்னது, அதைக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே அவள் மேசைக்குக் கீழே காலுறையை மேலே இழுத்துவிட்டது, ரீச்சர் "யாருக்கும் வீட்டில அடி விழுறதோ?" என்று கேட்டபோது கை உயர்த்தாமல் இருந்தது. கிட்ட இருந்த பிள்ளை கால் தழும்பைக் கண்டு கேட்டதற்குச் சைக்கிளால் விழுந்தேன் என்று சொன்னாளாம். அப்பாவும் கட்டாரில், அம்மாவையும் கொண்டுபோனால் தன்னை யார் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவது என்று யோசித்திருக்கிறாள். பக்கத்து வீட்டு அன்ரி பார்ப்பா என்று நினைத்துத்தான் ஆட்டுக்குக் குழை போட்டிருக்கிறாள். ஒன்பது வயதுப் பிள்ளை, நான் இல்லாத வீட்டுக்கு ஆயத்தம் செய்துகொண்டிருந்திருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமையிலும் அவள் கழற்றாத காலுறையை நான் குனிந்து உருட்டிக் கீழே விட்டேன். மூன்று கோடும் மங்கிப்போயிருந்தன. கிட்டப் பார்த்தால்தான் தெரியும். விரலை வைத்தேன்.

"நொந்ததோ அம்மா?" என்று கேட்டேன்.

அவள் முதலில் படலைப் பக்கம் பார்த்தாள். ஒழுங்கையில் ஆள் போகிறதா என்று பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்து, "இல்லை" என்றாள்.

அந்த "இல்லை"யைக் கேட்டபோது வந்த நோவு, நான் என் அம்மாவிடம் வாங்கிய எந்த அடியிலும் இல்லை. எனக்கு அடித்தபோது நான் ஊரைக் கூட்டி அழுதேன். என் அழுகையால் அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிடும் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

"இஞ்ச பாரும் குஞ்சு. அந்தச் சட்டம் இன்னும் வரேல்லை. இப்பதான் கதைக்கினம். அம்மாவை ஒருத்தரும் பிடிக்க வரமாட்டினம்."

"வந்தாப் பிறகு?"

"வந்தாலென்ன, வராட்டியென்ன, அம்மா இனி அடிக்கமாட்டன். கோவம் வந்தாக் கத்துவன். கத்திப்போட்டு வெளியால போய் நிப்பன். தடி எடுக்கமாட்டன்."

அதை அவள் உடனே நம்பவில்லை. நம்ப அவளுக்கு ஒரு காரணமும் நான் அதுவரை கொடுத்ததில்லை. கிணற்றுக் கட்டில் இருந்தபடியே காலை ஆட்டிக்கொண்டு யோசித்தாள். பிறகு ஒரு வழக்கறிஞரைப் போலக் கேட்டாள்:

"சட்டம் வரமுந்தி அடிச்சதுக்கு, சட்டம் வந்தாப் பிறகு பிடிப்பினமோ?"

"மாட்டினம்."

"வடிவாத் தெரியுமோ?"

சங்கக்கடையில் சாமான் நிறுக்கிறவளுக்குச் சட்டம் எங்கே தெரியும். என்றாலும் "வடிவாத் தெரியும்" என்றேன்.

"அப்ப நொந்தது" என்றாள். "சரியா நொந்தது அம்மா."

சொல்லிவிட்டு நகர்ந்து வந்து என் மடியில் முகத்தை வைத்து, ஒரு வாரமாக எனக்காக அடக்கி வைத்திருந்த அழுகையை அழத் தொடங்கினாள்.