பின்னல் ஊசி கண்டுபிடித்த வயிற்றுப்புண்

செயற்கை நுண்ணறிவு நோய்களைக் கண்டுபிடிக்கிறது என்று பத்திரிகையில் படிக்கும்போதெல்லாம் எனக்கு எங்கள் டாக்டரின் பின்னல் ஊசிதான் நினைவுக்கு வருகிறது. எழுபதுகளின் கடைசியில் ஜவ்வாது மலையில் ஒரு சின்ன மருத்துவமனையில் கம்பவுண்டராக இருந்தேன்.

டாக்டர் ஏதோ வெளிநாட்டுப் புத்தகத்தைப் பார்த்து ஒரு கட்டு அட்டைகள் செய்திருந்தார். அட்டைக்கு ஒரு நோய். ஓரத்தில் வரிசையாகத் துளைகள். துளைக்கு ஒரு கேள்வி. அந்தத் தொந்தரவு அந்த நோயில் உண்டென்றால் துளையை ஓரம்வரை வெட்டிவிட்டிருப்பார். நோயாளி ‘ஆமாம்’ என்றால் அந்தத் துளையில் ஊசியைக் கோத்துக் கட்டைத் தூக்க வேண்டும். வெட்டிய அட்டைகள் விழும். விழுந்தவற்றோடு அடுத்த கேள்வி. கடைசியில் மிஞ்சும் அட்டையின் பின்பக்கத்தில் சிகிச்சை இருக்கும். டாக்டர் ஜீப்பில் ஆலங்காயம் போகும் நாட்களில் சில்லறை நோய்களை இப்படித்தான் சமாளித்தேன்.

அப்படி ஒரு செவ்வாய். நாட்குறிப்பில் புதன் என்று எழுதி அடித்திருக்கிறேன். புதனன்று ஜீப் கிடையாது. நெல்லிவாசல் பக்கத்திலிருந்து விவசாயி ஒருவர் தன் மனைவியின் தம்பியோடு வந்தார். மாமனார் வீட்டுக்குக் கூரை மாற்றுகிறார்கள், மருமகனான இவர் கூரைப்புல் சுமக்க வேண்டும். இவருக்கு உடம்பு முடியவில்லையாம். நிஜமா என்று பார்க்கத்தான் மச்சான் கூடவே வந்திருந்தார்.

மருமகன் தலைவலி என்றார். சளி அட்டை விழுந்தது.

“இன்னா சார், ரெஸ்ட்டு கிஸ்ட்டு ஒண்ணும் போடலியா அதுல?”

“மாத்திரைதாங்க.”

அடுத்து வந்த அம்மாளுக்கு வயிற்றெரிச்சல். “வயிற்றுப்புண். ஒரு வாரம் ஓய்வு, பளு தூக்கக் கூடாது” என்று படித்தேன். அடுத்த வரிக்கு நான் வருவதற்குள் மருமகன் வரிசையின் கடைசிக்குப் போய்விட்டார்.

முறை வந்தது. வயிறு எரிகிறதா?

“ஆமாங்க.”

புளியேப்பம்?

“ஆமாங்க.”

பசி நேரத்தில் வலிக்கிறதா?

“அந்தம்மா இன்னா சொல்லிச்சு?”

“ஆமாம்னாங்க.”

“அப்ப எனக்கும் அதான்.”

கேள்வி கேட்கச் சொன்ன டாக்டர், பதிலைச் சந்தேகிக்கச் சொல்லவில்லை. வயிற்றுப்புண் அட்டை விழுந்தது. பின்பக்கத்தை அப்படியே சீட்டில் எழுதிக் கொடுத்தேன். மச்சான் அதை வாங்கி உரக்கப் படித்தார்.

“ஒரு வாரம் ஓய்வு. மோர்சோறு மட்டும். காரம், கறி கூடாது.” சீட்டை மடித்துப் பையில் வைத்தார். “நீ வூட்லயே படு மாமா. கூரை போட்டதும் கெடா வெட்றோம். உன் பங்க நான் பாத்துக்கறேன்.”

மருமகன் அட்டைக்கட்டை என் பக்கம் தள்ளினார்.

“சார், இன்னொரு தபா குத்திப் பாருங்க. எரிச்சல் நின்னுபோச்சு.”

எல்லாக் கேள்விக்கும் ‘இல்லை’ என்றார். ஊசிக்கு வேலையே இல்லை.

“ஒடம்பு நல்லா இருக்குங்க” என்றேன்.

“அப்டியே எழுதிக் குடுங்க. கறி துண்ணலாம்னு அடியில போடுங்க.”

போட்டுக் கொடுத்தேன். இருவரும் புல் சுமக்கப் போனார்கள். பதிவேட்டில் நோய் கண்ட நேரம் பதினொன்றே கால். குணமான நேரம் பதினொன்று இருபது. அடுத்த நாள் அதைப் படித்த டாக்டர், ஐந்து நிமிடத்தில் குணமாக்கிய அந்த மருந்தின் பெயரைத்தான் கேட்டார்.